ஊரே என் சக்களத்தி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் நகரத் தலைவர் அவர்களே! திருவிழாவுக்குக் கொடியேற்றிவிட்டு, கூடைப்பந்து அணிக்கும் கூடவே கொடி பிடிக்கும் பங்குத்தந்தை அவர்களே! பருந்துகள் அணியின் உரிமையாளர், மருந்துக்கடை எவரிஸ்தோ ஐயா அவர்களே! உங்களை 'மதிப்பிற்குரிய' என்று விளிக்க எனக்கும் ஆசைதான் ஐயா, இன்றைக்கு என் நாக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் பொரித்த வாழைக்காயுமாக வந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் பறையோடு நிற்கும் இளைஞர் பட்டாளமே! சான் எலாதியோ என்னும் இந்த மலையூர் மக்களே! பதினெட்டு ஆண்டுகளாக உங்கள்மேல் வயிற்றெரிச்சலோடு வாழ்ந்துவரும் சொராய்தாவின் மாலை வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

என் கணவர் ஹெரிபெர்த்தோ, உங்கள் பெர்த்தோ, இந்த ஊருக்காகப் பதினெட்டு ஆண்டுகள் பந்து போட்டவர். போன மாதம் அவரைக் கடற்கரை ஊரான பால்மரேஹோவின் சுறாக்கள் அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய இருபத்திரண்டு வயது யாந்தியேலை வாங்கிக்கொண்டீர்கள். கொடுத்த கையோடு ஒரு பாராட்டுக் கேடயமும் செய்துவைத்து, வந்து வாங்கிக்கொள் என்றீர்கள். அவர் வரவில்லை. "நீயே போயிட்டு வா" என்றார். வந்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, அதே மனிதர் சுறாச் சட்டையோடு இந்த ஊர் அரங்கில் இறங்கப்போகிறார். அன்றைக்கு ஆடினால் இந்தப் பருவம் முழுக்க ஆட்டம், சறுக்கினால் வீடு என்று அவருடைய புதிய பயிற்சியாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அதைக் கொட்டாமல் எனக்குப் பேச்சே வராது.

சக்களத்தி ஒருத்தி என்றால் கூந்தலைப் பிடித்திழுத்துச் சண்டை போடலாம். எனக்கு வாய்த்த சக்களத்திக்கு எத்தனை தலை? எத்தனை வாய்? எத்தனை பறை? என் கல்யாண நாளை மறந்துவிட்டீர்களா? அரங்குக்குக் கூரை இல்லாத காலம் அது, முதல்நாள் மழையில் தள்ளிப்போன ஆட்டத்தை அன்று பிற்பகலுக்கு வைத்தீர்கள். மோதிரம் மாற்றி மூச்சு விடுவதற்குள், இதோ இந்த எவரிஸ்தோ ஐயாதான் வந்து நின்றார்.

"மகளே, மாப்பிள்ளையைக் கொஞ்சம் குடு. ரெண்டு மணி நேரத்துல பத்திரமா கொண்டாந்து விட்டுடறோம்."

"ஐயா, கேக்கு வெட்டணுமே!"

"நீ வெட்டும்மா. அவன் பங்கை எடுத்து வை!"

வெட்டினேன்! வெள்ளைக் கவுனோடு தனியாக நின்று வெட்டினேன்! பந்தலே காலியாகிவிட்டது, என்னைப் பெற்ற அப்பா உட்பட. அன்று முப்பத்தொரு புள்ளிகளை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஒரு வீங்கிய முழங்காலை எனக்குத் திருப்பித் தந்தீர்கள். அந்த முழங்காலோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

யார் அங்கே கை தட்டுவது? முப்பத்தொரு புள்ளிக்கா? அடப்பாவிகளா, நான் அழுத கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ரொட்டிக்கடை இலுமினாதா அம்மாவைக் கேளுங்கள், மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். பெர்த்தோ வென்ற மறுநாள் நான் கடைக்குப் போனால், சுடச்சுட ரொட்டி, மேலே வெண்ணெய், "எங்க பெர்த்தோ எப்படி இருக்கான்?" என்று குழைவு. தோற்ற மறுநாள் போனால் பழைய ரொட்டி. "உன் புருஷன் என்னடி, ஆளே மறிக்காம நிக்கிறப்ப கூடையில போட முடியாதா? என்னத்த ஆக்கிப் போடுற அவனுக்கு?" வென்றால் எங்க பெர்த்தோ! தோற்றால் உன் புருஷன்! இந்தக் கணக்கில் என் பங்குக்கு வந்த பெர்த்தோ எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். பழைய ரொட்டியைக் கடித்துக் கடித்து என் பல்லே தேய்ந்துவிட்டது. தலையை ஆட்டாதீர்கள் அம்மா, உண்மையைத்தானே சொல்கிறேன்!

போன மாதம் அந்தச் செய்தி வந்தது. வானொலியில் வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குளிர்பெட்டியில் உறைய வைத்த துவரைப் பொட்டலத்தை முழங்கால்மேல் வைத்திருந்தார். பெர்த்தோ போகிறார், பதிலுக்கு யாந்தியேல் வருகிறார், ஆட்டத்துக்கு இருபத்தெட்டுப் புள்ளி போடுகிற பையன் என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்! கைகொட்டிச் சிரித்தேன்! விட்டாள், விட்டாள், என் சக்களத்தி அவரை விட்டாள் என்று சமையலறையில் ஓர் ஆட்டமே போட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் வானொலியை நிறுத்திவிட்டு, பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"துவரை உருகிடுச்சு. சோத்துல போட்டுடு."

அவ்வளவுதான் சொன்னார். நான் போட்டு ஆக்கினேன். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் ரொட்டிக்கடைக்குப் போனேன். சுவரில் அவர் படம் இருந்த இடத்தில் இந்தப் பையனின் படம். சரி, போகட்டும். இலுமினாதா அம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. புதிய ரொட்டியை எடுத்து, வெண்ணெய் தடவி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வச்சுக்கம்மா, பாவம்" என்றார்.

பாவமா? என் கணவரா பாவம்? ஐயோ, அந்த ரொட்டி என் தொண்டையில் இறங்கவில்லையே! பழைய ரொட்டியை முகத்தில் விட்டெறிந்திருந்தால்கூட நிம்மதியாக வீடு வந்திருப்பேன்.

தம்பி யாந்தியேல், கைப்பேசியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார். உன்மேலும் எனக்கு எரிச்சல்தான், மறைக்க மாட்டேன். உன் முழங்காலைப் பார்த்தால் எரிகிறது. நீ எம்பிக் குதித்துவிட்டு இறங்கும்போது முகம் சுளிக்காமல் இறங்குகிறாய், அதைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்து, "அக்கா, சின்ன வயசுல என் ரூம்ல அவர் படத்தைத்தான் ஒட்டி வச்சிருந்தேன்" என்றாய். உன் அறைச் சுவரிலுமா அவர்? எனக்கென்று ஒரு சுவராவது மிச்சம் வைத்தீர்களா? உனக்குக் காதலி இருந்தால் அவளிடம் சொல், ரொட்டி வாங்க அடுத்த ஊருக்குப் போகச் சொல்.

சரி, பால்மரேஹோவாவது அவரை என்னிடம் விட்டதா? அந்த ஊர்ப் பெண்கள் தட்டுத் தட்டாக நண்டு வடை கொடுத்தனுப்புகிறார்கள்! நாய்க்குப் போட்டேன். நாய் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை, அதிலும் எனக்குக் கோபம்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு நீங்கள் என்னென்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பீர்களாம். கைதட்டுவீர்களாம். பறைக்குழுத் தலைவர் சாகோ பிரியாவிடைப் பாட்டுக் கட்டி வைத்திருக்கிறாராம். கைக்குட்டைகூடக் கொண்டுவரச் சொன்னீர்களாம். இதைக் கேள்விப்பட்ட என் கணவர் நேற்று என்ன சொன்னார் தெரியுமா?

"அவங்க என்னைத் திட்டினா ஆடிடுவேன் சொராய்தா. அழுதாங்கன்னா என்னால பந்தைக் கையிலயே பிடிக்க முடியாது. என் சாவுக்கு நானே போய் நின்ன மாதிரி இருக்கும்."

அவரை நீங்கள் எவ்வளவு அறிவீர்கள்? நான் அறிவேன்! எதிரூருக்கு ஆடப்போய்விட்டு வருவார். வென்றீர்களா தோற்றீர்களா என்று நான் கேட்டதே இல்லை. முகத்தைப் பார்த்தே தெரியும். "இன்னிக்கு என்ன திட்டு திட்டுனானுங்க தெரியுமா! எங்க அம்மாவைக்கூட விடல!" என்று மலர்ந்து வருவார், மாப்பிள்ளை போல. ஒருநாள் வாடிப்போய் வந்தார். என்ன என்றேன். "திட்டு குறைஞ்சு போச்சுடி. பந்து கையில இருக்கும்போதுகூட ஒருத்தன் கடலை தின்னுக்கிட்டு இருந்தான்." அன்றைக்கு விடியும்வரை அவர் தூங்கவில்லை.

எவனைக் கண்டு பயப்படுகிறதோ அவனைத்தானே இந்தத் தீவில் எந்த ஊரும் ஏசும்? முடிந்துபோனவனுக்குத்தானே எழுந்து நிற்கும்? முடிந்துவிட்டாரா என் பெர்த்தோ? சொல்லுங்கள், முடிந்துவிட்டாரா?

இல்லையென்றால் இந்தக் கேடயத்தை உள்ளே எடுத்து வையுங்கள், நான் தொட மாட்டேன். பாட்டை நிறுத்துங்கள் சாகோ! கைக்குட்டையை மடித்து வையுங்கள் தாய்மார்களே! வெள்ளிக்கிழமை அவர் கால் வைத்ததும் கத்துங்கள்! கூரை அதிரக் கத்துங்கள்! வயதைச் சொல்லித் திட்டுங்கள், வழுக்கையைச் சொல்லித் திட்டுங்கள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுங்கள்! யாந்தியேல், அவரை இடித்து மறி, இரக்கப்படாதே! நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வெறுத்துவிடுங்கள். நேசிக்கும் வேலையைப் பதினெட்டு வருடம் நீங்கள் பார்த்தது போதும், இனி அதை என் ஒருத்திக்கே விட்டுக்கொடுங்கள்!

சாகோ, எதற்கு எழுந்து நிற்கிறீர்கள்? என்ன சொன்னீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், ஊர் கேட்கட்டும்!

"ஏ கிழட்டு முழங்காலு! வெள்ளிக்கிழமை வா, உன்னைப் பொட்டலம் கட்டி அனுப்பறோம்!"

ஆகா! அப்படித்தான்! இன்னும்! அம்மா, நீங்களும் எழுந்துவிட்டீர்களா? பங்குத்தந்தையே, நீங்கள் சீழ்க்கை அடிப்பீர்களா? பறையை அடியுங்கள் பிள்ளைகளே! சதுக்கத்துக்கு எதிர்வீடுதான் எங்கள் வீடு, உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் விழட்டும்!

அதோ. கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். பாருங்கள், இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். சிரிக்கிறார்! ஒரு மாதமாகச் சிரிக்காத மனிதர் சிரிக்கிறார்!

நான் சோறு வைத்து நான்கு தடவை கூப்பிட்டால்கூட எழுந்து வராத மனிதர், நீங்கள் ஒரு தடவை திட்டியதும் வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். பாவிகளே, இந்த எரிச்சல் எனக்குச் சாகும்வரை தீராது. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வெள்ளிக்கிழமை எதிர்ப்பக்கத்து இருக்கையிலிருந்து நான் உங்களைத் திட்டுவேன். வணக்கம்!