வடகவுஞ்சிச் சோலையின் இடஞ்சுழி நத்தை

இந்த மன்றத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் நல்லசாமி அவர்களே! பனிக்கு அஞ்சாமல் கம்பளி போர்த்தி வந்திருக்கும் பெரியோர்களே! பூண்டுத் தோட்டத்து ஈரம் கையில் காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பழனியில் விலங்கியல் கற்பிக்கும் ஞானவேலின் பணிவான வணக்கம்!

என்ன ஐயா அங்கே? “நத்தைக்கு ஒரு கூட்டமா?” என்கிறீர்களா? ஆம், நத்தைக்குத்தான் கூட்டம்!

அது சாதாரண நத்தையா? சுண்டைக்காய் அளவு, தேன் நிறம். மற்றவற்றின் ஓடு வலப்பக்கம் சுழல, இதன் ஓடு இடப்பக்கம் சுழலும். ஐம்பது ஆண்டுகளாக எவர் கண்ணிலும் உயிரோடு படாத அந்த நத்தையை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் உங்கள் ஓடைக்கரையில் கண்டேன்! களித்தேன், குதித்தேன், “வாழிடம் ஓடைக்கரை” என்று நத்தைகளை ஆராயும் சென்னை அறிஞருக்கு மடல் தீட்டினேன். “முட்டை எங்கே? குஞ்சு எங்கே? காட்டாமல் ஏற்க மாட்டேன்” என்று பதில் வந்தது. தேடினேன், தேடினேன், மூன்று மழைக்காலம் முழங்கால் நோகத் தேடினேன். நத்தைதான் ஒன்றிரண்டு கிடைத்தது; முட்டையுமில்லை, குஞ்சுமில்லை! இனி என் சொல்லை எவர் நம்புவார் என்று வெட்கத்தில் வெந்தேன்.

அப்போதுதான் தலையில் சருகுக் கூடையோடு வந்தார் அன்னக்கொடி அம்மாள். அதோ, முந்தானையால் முகத்தை மூடுகிறாரே, அவரேதான்!

“என்னங்க சார், வெள்ளனே வந்து எதைத் தொலைச்சீங்க?”

கையிலிருந்த நத்தையைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அட முருகா! அதை இங்க வீசுனதே நாந்தாங்க! பூண்டுப் பாத்திக்குப் போட மேச்சோலையில சருகு அள்ளுவேன், இதுவும் கூடையில ஏறி வந்துரும். மத்த நாள்னா நசுக்கிப்புடுவேன். மாசக் கார்த்திகை விரதத்துல உசிரக் கொல்லலாமுங்களா? ஓடைப்பக்கம் வீசிட்டு என் சோலியப் பாக்கப் போயிருவேன்.”

கேட்டீர்களா? நான் வாழிடம் என்று எழுதியது வாழிடமா? விரதத்தால் உயிர் பிழைத்தவை வந்து விழுந்த இடம்! நான் படித்த படிப்பெல்லாம் ஓடையோடு போயிற்று!

“வெரசா வாங்க, காட்டுறேன்” என்று மேலே அழைத்துப் போனார். சோலைக்குள் ஒரு சரிவு. முழங்கால் ஆழச் சருகை மெல்ல விலக்கினார். முத்து முத்தாய் முட்டைகள்! பக்கத்தில் மிளகளவு குஞ்சுகள், அத்தனையும் இடஞ்சுழி! அழுதேவிட்டேன் ஐயா. சென்னை அறிஞரும் ஏற்றுக்கொண்டார். வாழிடம் சோலைச் சருகு, கண்டவர் அன்னக்கொடி என்றே எழுதி அனுப்பினேன்.

ஆனால், அன்று அந்தச் சரிவிலேயே அம்மாள் தம் கூடைச் சருகைத் திரும்பக் கொட்டிவிட்டார். “இனிமே இங்க அள்ள மாட்டேங்க” என்றார். “உங்கள் பூண்டு என்னாவது?” என்று பதறினேன்.

“பூண்டுக்குச் சாணி போட்டுக்கிறேன். இதுக்கு வேற வீடு ஏதுங்க?”

அந்தச் சொல்லைக் கேட்டுத்தானே, முந்தாநாள் ஊர்க்கூட்டத்தில் இனி அந்தச் சரிவில் எவரும் சருகு அள்ளுவதில்லை என்று நீங்கள் கை தூக்கினீர்கள்! தூக்கிய கைகளுக்கு நன்றி சொல்லவே மலையேறி வந்தேன். அம்மா, உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்!