சிவப்புக் கயிற்றின் மேல் நடந்தவள்

“ஏனுங்க அக்கா, இந்தச் செவப்புக் கவுத்து மேல நடக்க முடியுங்களா?”

மலைமேல் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், ராசாத்தி என்ற ஆறு வயதுக் குழந்தை கேட்ட கேள்வி அது. மெக்கானிக் வரும்வரை பஸ் நகரப்போவதில்லை. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அவள் கேட்டது என் சிநேகிதி ஜெயமேரியின் சித்தி மகள் இன்பமேரியிடம். எண்பத்தொன்பதாம் வருஷம். இன்பமேரி பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக அங்கே தங்கியிருந்தாள். ரேடியோ அலையை லேசர் வெளிச்சத்தில் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. பள்ளத்தின் இந்தக் கரையில் ஒரு தகரக் கொட்டகையும் மேசையும். எதிர்க்கரைப் பாறையில் ஒரு கண்ணாடி. வெளிச்சம் போய்ப் பட்டுத் திரும்பி வந்தால், மேசைமேல் இருக்கும் பெட்டி ‘ஊ...’ என்று மெல்ல ஓசை எழுப்பும். லேசான பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம், பள்ளத்தின் குறுக்கே கட்டிய சிவப்புக் கயிறு போலத் தெரியும்.

“கனமில்லாதவங்க நடக்கலாம் கண்ணு” என்று இன்பமேரி விளையாட்டாகச் சொன்னாள்.

“அப்ப எங்கம்மா வந்துருவாங்க!” குழந்தை குதித்துக்கொண்டு ஓடிவிட்டது.

எஸ்டேட் காவல்காரர் மாதையனின் முகம் மாறியது. “அந்தப் புள்ளகிட்ட அப்புடிச் சொல்லாதீங்க. அவ அம்மா பாவாயி போன மழையில எதிர்க்கரைக்கு மொளகு பறிக்கப் போனவங்க. திரும்பி வாரப்ப மரப்பாலத்தோட போயிட்டாங்க. உடம்பு கூடக் கெடைக்கலீங்க.”

இன்பமேரி குழந்தை ஓடிய பக்கம் பார்த்தாள். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியுமா?

நவம்பர் மாதம், ஒரு மாலை ஆறரை மணி. கொட்டகையில் அவள் மட்டும். மூடுபனி இறங்கிவிட்டது. தங்குமிடத்துக்குப் போகும் ரோட்டில் ஆளே இருக்காது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பேட்டரி விளக்கு இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாது.

அடர்ந்த பனி வெளிச்சத்தை விழுங்கிவிடும். பெட்டியின் ஓசை நின்றது. சரி, கிளம்பலாம் என்று எழுந்தாள்.

ஊ...

திரும்ப வந்தது. வெயில் நாளில் கேட்பதை விடப் பலமாக. பிறகு ஓசையில் ஒரு வெட்டு. ஊ... மறுபடி ஒரு வெட்டு. யாரோ அடி எடுத்து வைப்பது போல... நிதானமாக... எதிர்க்கரையிலிருந்து.

கோளாறு கருவியிலா, வெளிச்சத்திலா என்று பார்க்க, லேசர் முனையை உள்ளங்கையால் மூடிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பழக்கத்தில் மூடிவிட்டாள்.

பள்ளத்தின் நடுவிலிருந்து, தரையே இல்லாத உயரத்திலிருந்து, கண்ணாடி வளையல்கள் சலசலத்தன. “அய்யோ!” என்று ஒரு பெண்குரல்.

கையை வெடுக்கென்று எடுத்தாள். ஓசை வந்தது. வெகுநேரம் வெட்டே இல்லை. எதையோ இறுகப் பற்றிக்கொண்டு நிற்பது போல... அப்புறம், மெதுவாக, ஓர் அடி.

அப்போதுதான் பார்த்தாள். சிவப்புக் கயிறு வெளிறிக்கொண்டு வந்தது. லேசரின் பேட்டரி தீர்கிறது.

அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கயிற்றின் மேல் வருவது விழுந்துவிடும். ‘அம்மா வந்துருவாங்க’ என்ற குரல் காதில் நின்றது. “அருள் நிறைந்த மரியே...” என்று சொல்லிக்கொண்டே ரோட்டுக்கு வைத்திருந்த விளக்கின் பேட்டரியைக் கழற்றினாள். வெளிச்சம் ஒரு கணமும் அறாதபடி பழையதன் பக்கத்திலேயே இணைத்தாள். கயிறு சிவந்தது. அடிகள் வேகமாயின. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மேசை அசைந்தது. ஈரச் சேலை ஒன்று அவள் கையை உரசிக்கொண்டு போனது. காபிப் பூ வாசனை. நவம்பரில் ஏது காபிப் பூ? அடிகள் ராசாத்தி குடியிருக்கும் தொழிலாளர் லைன் வீடுகள் பக்கமாக ஏறிப் போயின.

வெகுநேரம் கழித்து, விளக்கில்லாமல் கிளம்பினாள். ஒரு கையால் மலையைத் தடவித் தடவி நடந்தாள். ஒரு திருப்பத்தில் மலைச்சுவர் கைக்கு அகப்படவில்லை. கால் வைத்த கல் உருண்டது... அது விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

மணிக்கட்டை விரல்கள் பிடித்தன. ஜில்லென்று, வழவழவென்று. பின்னால் இழுத்தன. பிடி தளரவில்லை. இருட்டில் எங்கெங்கோ வளைத்து நடத்திப் போய், தங்குமிடத்தின் வாசற்படியில் விட்டன.

காலையில் ராசாத்தி வந்தாள். என்றும் பரட்டையாக இருக்கும் தலையில் எண்ணெய் வழிந்தது. இறுக்கமான ரெட்டைச் சடை. அதில் காபிப் பூ.

“யாரு கண்ணு பின்னி விட்டாங்க?”

“நீங்கதானுங்களே சொன்னீங்க, கனமில்லாதவங்க நடக்கலாம்னு.”

பின்னாலேயே மாதையன் மூச்சு வாங்க ஓடி வந்தார். “திருப்பத்துல ரோடு நொம்பச் சரிஞ்சு கெடக்குதுங்க! நேத்துப் பொழுதோடயே போயிருச்சாமுங்க. நீங்க எப்புடிங்க தாண்டி வந்தீங்க?”

இன்பமேரி முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். அங்கே நான்கு விரல் தடம். தேங்காய் எண்ணெய்... இன்னும் காயவில்லை.