பயர்பிளேசுக்கு முன்னால் ஒரு விரிப்பு

இப்போதெல்லாம் சனத்துக்கு அருவருப்பு என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. விரிப்புக் கடையில் பார்த்தேன். விற்கப் போட்டிருக்கிற விரிப்பின் மேலேயே சப்பாத்தோடு நடக்கிறார்கள். நாளைக்கு ஒருவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையைத் தவழவிடுவான். யாருக்குக் கவலை?

நீங்கள் கேட்டது விரிப்பைப் பற்றி. அதையே சொல்கிறேன். மொழிபெயர்க்கிற பிள்ளை கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் சரி.

கிரவீனில் என் மகன் சுகிர்தனின் வீடு பழைய செங்கல் வீடு. முன்னறையில் விறகு எரிக்கிற பயர்பிளேஸ். பொறி தெறித்து மரத்தரையில் இரண்டு இடம் கருகிவிட்டது. "அப்பா, முன்னுக்குப் போட ஒரு விரிப்புப் பார்த்து வாங்குங்கோ. உங்களுக்குத்தானே துணி தெரியும்" என்றான். உண்மைதான். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை செய்தவன். ஊர்பேர் தெரியாதவர்களின் சீழும் மலமும் பட்ட துணிகளைக் கையாலே அள்ளினேன். எனக்கு அருவருப்பு இலேசில் வராது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணசுந்தரம் என் மருமகள் வைதேகியின் தகப்பன். என்னைவிட நாலு வயது இளையவர். போன வருடம் இடுப்பு முறிந்த பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். இருந்தார். நெருப்புக்கு முன்னால் தரையில்தான் படுக்கை. சூடு இடுப்புக்குச் சுகமாம். கால் நகத்தை வெட்டி நெருப்பில் போடுவார். அந்த நாற்றம் சோறு தின்னும்போதும் மூக்கில் நிற்கும். காறி நெருப்பிலேயே துப்புவார். அது சுர் என்று பொரியும். பிறகு வாயைத் துடைத்த அதே கையை என்னிடம் நீட்டுவார்.

"அண்ணை, ஒருக்காத் தூக்கிவிடுங்கோ."

தனியே எழும்ப அவரால் ஏலாது. பகலில் வீட்டில் நான் ஒருவன்தான். ஒரு நாளைக்கு ஆறு தரம், ஏழு தரம் அந்த ஈரக் கையைப் பிடித்தேன். மகனிடம் சொன்னேன். "வருத்தக்கார மனுசன் அப்பா, விடுங்கோ" என்று சிரித்தான்.

முதலில் கம்பளி விரிப்புத்தான் வாங்க நினைத்தேன். கம்பளியில் பொறி விழுந்தால் கருகி அவிந்துவிடும். வீட்டில் வந்து சொன்னபோது அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஆட்டுத் தோலோ? நான் சுத்த சைவம் அண்ணை. செத்ததுக்கு மேலை படுக்கமாட்டன்."

"அப்ப ஆடு இல்லாததாய்ப் பார்த்து வாங்கட்டோ?"

"ஓம். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்."

கம்பளி தோல் இல்லை, உயிரோடு நிற்கிற ஆட்டில் கத்தரிக்கிற மயிர் என்று நான் சொல்லவில்லை. காறித் துப்புகிற வாயால் அவர் எனக்குச் சுத்தம் சொல்லித் தந்தார். நான் கேட்டுக்கொண்டேன்.

திரும்பப் போய் வேறொன்றை எடுத்தேன். மெத்தென்று, பளபளப்பாய் இருந்தது. இது படுக்கையறைக்கு, நெருப்புக்குப் பக்கத்தில் போடக்கூடாது என்று கடைக்காரி கையைக் காட்டி விளங்கப்படுத்தினாள். கடைக்காரர் சொல்வதை நான் நம்புவதில்லை. காசைக் கொடுத்து வெளியே வந்து, ஓரத்தில் ஒரு நூலை இழுத்து நெருப்புக்குச்சியால் கொளுத்திப் பார்த்தேன். உருகிச் சொட்டியது. சொட்டிய இடத்திலும் நின்று எரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. விரிப்பைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவருக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. "பஞ்சு மாதிரி இருக்கு அண்ணை" என்றார். இரண்டு நாள் அதில் படுத்து அனுபவித்தார். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் மகனும் மருமகளும் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனார்கள். நான் பைன் விறகு போட்டேன். வெடித்துத் தெறிக்கிற விறகு அது. பொறி தெறிக்காமல் நெருப்புக்கு முன்னால் நிற்கிற கம்பித் தட்டியில் அவருடைய சளி காய்ந்து கிடந்தது. கழுவவேண்டும் என்று பின்வளவில் கொண்டுபோய் வைத்தேன். கழுவவில்லை. வந்து கதிரையில் இருந்து சப்பாத்துப் போட்டேன். என் விரல்களுக்கு லேஸ் கட்ட நேரம் எடுக்கும்.

நாலாவது பொறியோ ஐந்தாவதோ தெரியாது. விரிப்பின் ஓரம் பிடித்தது. பிறகு அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம்.

"அண்ணை, கையைத் தாங்கோ. கையை."

ஐந்தடி தூரம்தான். பிறகு வைதேகி கேட்டாள், "மாமா, கையைக்கூடக் குடுக்கேல்லையோ?" இப்போது பொலிஸ்காரர் நீங்களும் அதையே கேட்கிறீர்கள். கொடுக்கவில்லை. நீட்டின கையைப் பார்த்தேன். கொடுக்கத்தான் இருந்தேன். அதற்கு முதல் நியாயமாக ஒரு கேள்வி கேட்டேன்.

"கழுவினனீங்களோ?"

"ஓம் அண்ணை, கழுவினனான், கழுவினனான்" என்று கத்தினார்.

நான் நம்பவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு ரயில் நிலையம் வரைக்கும் நடந்தேன். இன்றைக்கும் நம்பவில்லை.