கஸ்பார் ஸ்டுடியோ மாங்காமாலை

— கழுத்தக் காட்டுடி. செத்த நேரம் போட்டா அறுந்தா போகும்?

— முடியாதும்மா. பட்டம் வாங்குன கறுப்பு அங்கி மேல கில்ட்டு மாங்காமாலையா? பி.ஏ. நான் படிச்சு வாங்குனது. இந்த மாலை யாருது? ஸ்டுடியோக்காரருது.

— எளப்பமாப் பேசாதீங்க தங்கச்சி. எங்கப்பா காலத்துச் சாமான் இது. தங்கமா இருந்தாக்கூட இம்புட்டு பதனமா வச்சிருக்க மாட்டேன். திண்டுக்கல்லுலேருந்து சாணார்பட்டி வரைக்கும் எந்த வீட்டுச் சுவத்துல வேணாப் பாருங்க, படத்துல இந்தக் கஸ்பார் மாலைதான் தொங்கும்.

— கேட்டியா வள்ளி? என் கல்யாணப் படத்துலயும் இதுதான். எனக்கென்ன கொறஞ்சு போச்சு?

— அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான அத்தை, "மாலைய எங்கடி ஒளிச்சு வச்சிருக்க"ன்னு ஒன்னைய ஆறு மாசம் வறுத்தெடுத்துச்சு?

— வாய மூடு! இந்தா கஸ்பார் தம்பி, மாப்பிள்ளையோட ஆத்தா படம். ரெட்டியார்சத்திரம் பேச்சாயி. கழுத்துல கெடக்குறது நாலு தலைமுறை மாலையாம், பத்தரமாத்துத் தங்கமாம். "அதையே ஒம்மகளுக்குப் போடுறோம், அதுக்கு ஈடா நீங்களும் தங்கம் போட்டு அனுப்புங்க"ன்னுட்டா. உன்னுதும் அச்சு அசல் அதே மாதிரி இருந்துச்சேன்னுதான் இங்க வந்தேன். எம்மக மட்டும் வெறுங்கழுத்தாத் தெரியலாமா?

— அந்த ஈட்டுக்குத்தான் கெணத்துமேட்டுப் பூந்தோட்டத்த விக்கப் போகுது எங்கம்மா. நாளைக்கு அச்சாரம். அந்த மல்லியப் பறிச்சு வித்துத்தாண்ணே என்னையப் படிக்க வச்சாங்க. வருசம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொம்பது வந்தாச்சு, இன்னும் பொண்ண எடை போட்டுத்தான் எடுப்பாங்களாம்!

— தோட்டத்தையா விக்கிறீங்கக்கா? படத்தக் குடுங்க... ம்.

— என்ன தம்பி 'ம்'?

— ஒண்ணுமில்லக்கா. இங்க வந்து போறவங்க சங்கதிய நாங்க வெளிய பேசுறதில்ல.

— நீங்க பேச வேணாம். படத்தத் தாங்க, அந்த மாலையையும் தாங்க. அம்மா, இங்க வா. மாலையில எல்லா மாங்காயும் ஒரு பக்கமா மூக்க நீட்டிட்டு நிக்கிதா? இந்த ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கு. இப்பப் பேச்சாயி கழுத்தப் பாரு.

— ஆத்தாடி!

— அது... அந்து விழுந்துச்சு தங்கச்சி. போன வருசம் நாந்தான் பத்த வச்சேன். அவசரத்துல திருப்பி வச்சிட்டேன்.

— நாலு தலைமுறைன்னு மாரத் தட்டிச் சொன்னாளே!

— மாலையப் போடுங்கண்ணே.

— யாருக்கு, ஒனக்கா? இம்புட்டு நேரம் அந்தக் குதி குதிச்ச?

— இப்பத்தாம்மா போட்டுக்கணும். அங்கி மேலயே கெடக்கட்டும். படத்துல கூட ஒரு காப்பி போடுங்கண்ணே, ரெட்டியார்சத்திரத்துக்கு நானே தபால்ல சேக்குறேன்.

— சம்பந்தம் முறிஞ்சிருமேடி!

— முறியட்டும். தோட்டம் நம்மகிட்ட இருக்கும். பி.ஏ.வும் இருக்கும்.

— சரி, லேசாச் சிரிங்க தங்கச்சி... ரெடி...

— இரு தம்பி, அவசரப்படாத. அடியே, நல்லா நிமுந்து உக்காரு. அந்தத் திரும்புன மாங்கா பேச்சாயி கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியணும்.