பெரியவளுக்கு எந்த ஆயில்?

மாமியார்: ...அதைக் கேக்கல மாப்பிள்ளை. மாத்திட்டேன்னு நீங்க சொன்னா மாத்தியிருப்பீங்க. எந்த ஆயில்னு கேட்டேன்.

மருமகன்: நல்ல ஆயில்தான் அத்தை.

மாமியார்: நல்ல ஆயில்னு டின் மேல எழுதியிருந்துச்சா?

மகள்: அம்மா, மனுஷன் காலையிலேர்ந்து வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்திருக்காரு. ஒரு வாய் தண்ணி குடிக்க விடு.

மாமியார்: குடிக்கட்டும், யாரு வேண்டாம்னா? குடிச்சுட்டுச் சொல்லட்டும்.

மருமகன்: கை எப்படி இருக்கு அத்தை? மாவுக்கட்டு இறுக்கமா...

மாமியார்: உடைஞ்ச கை உடைஞ்சபடியே இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. இத்தனை வருஷத்துல அந்த பானெட்டை என்னைத் தவிர யாரும் திறந்ததில்ல. இந்தக் கட்டோட அடியில படுக்க முடியாதேன்னு உங்ககிட்ட விட்டேன்.

மகள்: பல் டாக்டர்கிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான். ஏங்க, வாயைத் திறங்க, வலிக்காது.

மருமகன்: நீ வேற... சும்மா இரு.

மகள்: எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட நீ இவ்வளவு கேள்வி கேக்கலம்மா.

மாமியார்: கேட்டேனே. என்ன வண்டி ஓட்டுறீங்கன்னு கேட்டேன். கியர் போடத் தேவையில்லாத வண்டின்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மருமகன்: இன்னும் அதை மறக்கலையா அத்தை?

மாமியார்: மறக்கிற விஷயமா அது? சரி, போனாப் போகுதுன்னு சின்னவளைக் கட்டிக் குடுத்தேன். பெரியவளைக் குடுக்கல.

மகள்: கேட்டுக்கோங்க. ரெண்டே ரெண்டு சீட்டு இருக்கிற கார். அது பெரியவளாம், நான் சின்னவளாம்.

மாமியார்: ஆமாண்டி. அவ வீட்டுக்கு வந்தப்புறம்தானே நீ பொறந்தே. நீ பொறக்குறதுக்கு ஆஸ்பத்திரிக்கு அவளை நான்தான் ஓட்டிட்டுப் போனேன். உங்கப்பா பக்கத்து சீட்டுல கண்ணை இறுக்க மூடிட்டு வந்தாரு.

மருமகன்: வலியோடயா ஓட்டினீங்க?

மாமியார்: வளைவுல வலி தெரியல. நேர் ரோட்டுலதான் தெரிஞ்சுது. எத்தனை மலை ஏறியிருப்பா அவ! பெரிய பெரிய வண்டியெல்லாம் புகையைக் கக்கிட்டு ஓரமா நிக்கும். அவ பாட்டுக்கு மேல போய் நிப்பா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நடுவழியில என்னை இறக்கி விட்டிருப்பாளா?

மருமகன்: அதான் அத்தை எனக்கு...

மாமியார்: என்ன உங்களுக்கு?

மருமகன்: ஒண்ணும் இல்ல.

மாமியார்: எந்த ஆயில் மாப்பிள்ளை?

மருமகன்: இருபது டபிள்யூ ஐம்பது.

மாமியார்: அப்பாடா. இதைச் சொல்லவா இந்த இழுப்பு இழுத்தீங்க?

மகள்: அதான் சொல்லிட்டாருல்ல. எழுந்திரிங்க, கையைத் தேய்ச்சுக் கழுவுங்க. நகமெல்லாம் கறுப்பு. இந்தக் கையை நாளைக்கு எந்த வாயில விடுவீங்களோ!

மாமியார்: இருடி. ஏன் அதுன்னு தெரிஞ்சு ஊத்தினீங்களா?

மருமகன்: தெரிஞ்சுதான் அத்தை. பழைய இன்ஜின். பேரிங்குல அந்தக் காலத்துல இடைவெளி கொஞ்சம் ஜாஸ்தி விட்டுத்தான் கட்டியிருக்காங்க. தண்ணியா இருக்கிற ஆயில் அதுல நிக்காது, வழிஞ்சு போயிடும். பிரஷரும் நிக்காது.

மாமியார்: ம்...

மருமகன்: அப்புறம் ஜிங்க். புது ஆயில்ல அதைக் குறைச்சுட்டாங்க, புது வண்டியில இருக்கிற புகை வடிகட்டிக்கு ஆகாதுன்னு. நம்ம வண்டியில அந்த வடிகட்டியே கிடையாது. ஆனா வால்வைத் தள்ளுற டேப்பட்டுக்கு ஜிங்க் வேணும். இல்லேன்னா உரசி உரசியே தேய்ஞ்சுடும்.

மகள்: அடேங்கப்பா! என்னங்க இது? நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆயில் எந்த மூடியைத் திறந்து ஊத்தறதுன்னு என்னைக் கேட்டீங்க!

மாமியார்: அப்போ இன்னும் திக்கா, அறுபது ஊத்திட்டா இன்னும் நல்லதுதானே மாப்பிள்ளை?

மருமகன்: வேண்டாம் அத்தை.

மாமியார்: நான் சொல்றேன், ஊத்தலாம்.

மருமகன்: நீங்க சொன்னாலும் வேண்டாம். காலைக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணா அது பாகு மாதிரி கிடக்கும். மேல ஏறிப் போய்ச் சேர்றதுக்குள்ள டேப்பட் காய்ஞ்சு போயிடும். இருபது ஐம்பதுதான் சரி. நான் ஊத்த மாட்டேன்.

மகள்: அம்மா! உன்னை எதிர்த்துப் பேசிட்டாரும்மா! இந்த வீட்டுல முதல் தடவை!

மாமியார்: காது கேக்குது எனக்கு. ஏன் மாப்பிள்ளை, இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க?

மருமகன்: இன்னிக்குக் காலையிலதான்.

மாமியார்: ஊத்தறதுக்கு முன்னாலயா, ஊத்தினப்புறமா?

மகள்: முன்னாலதான்மா. முன்னாலயேதான். பின்ன, படிக்காம யாராவது...

மாமியார்: உன்னைக் கேக்கல.

மகள்: சரி, நான் பேசலை. ஏங்க, நீங்களும் பேசாதீங்க.

மருமகன்: இல்ல... சொல்லிடறேன்.

மகள்: வேண்டாம்னு சொல்றேன்ல! அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தச் சாவியை உங்க கண்ணுல காட்ட மாட்டாங்க. ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கணும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஏங்கிட்டிருக்கீங்க...

மருமகன்: ஏங்கிட்டே இருந்துட்டுப் போறேன். அடுத்து யாரு அந்த வண்டியை எடுத்தாலும் அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். அத்தை... நான் முதல்ல ஊத்தினது சீரோ டபிள்யூ இருபது.

மாமியார்: ...தண்ணி.

மருமகன்: தண்ணிதான். இருக்கிறதுலயே ஒசத்தியானதா ஊத்தணும்னு ஒரு பெருமை.

மகள்: அது என் டின்னும்மா. என் வண்டிக்கு வாங்கி வெச்சது. "இதையே ஊத்துங்க, அம்மா அசந்துடுவாங்க"ன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

மாமியார்: அசந்துட்டேன். அப்புறம்?

மருமகன்: ஸ்டார்ட் பண்ணேன். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. சூடாக சூடாக பிரஷர் முள்ளு இறங்கிட்டே வந்துச்சு. மேலேர்ந்து டக் டக்குன்னு ஒரு சத்தம். நிறுத்திட்டேன்.

மாமியார்: ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சுப் பார்க்கலையா? மிதிச்சா முள்ளு ஏறுமே?

மருமகன்: முள்ளு ஏறும். அதைப் பார்த்து நான் நிம்மதியா இருந்துக்கலாம். உள்ள தேயறது தேய்ஞ்சுட்டேதானே இருக்கும்? வலிக்கிற பல்லை வெச்சுக் கடிச்சுப் பார்க்கக் கூடாது அத்தை.

மாமியார்: ம். அப்புறம்?

மருமகன்: எல்லாத்தையும் வடிச்சேன். கடைக்குப் போய் ஒவ்வொரு டின்னையும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். இருபது ஐம்பது வாங்கிட்டு வந்து, கொஞ்சமா ஊத்தி, ஸ்டார்ட் பண்ணாம அப்படியே வடிய விட்டேன்... எங்க கிளினிக்ல கொப்பளிச்சுத் துப்பச் சொல்வோமே, அந்த மாதிரி. அதுக்கப்புறம் முழுசா ஊத்தினேன்.

மாமியார்: ஃபில்டர்?

மருமகன்: அதுவும் மறுபடி புதுசு. இப்போ முள்ளு ஆடாம நிக்குது, சத்தம் இல்ல. ஆனாலும் குழாய்ல, ஆயில் கூலர்ல அந்தத் தண்ணி ஆயில் கொஞ்சம் தங்கியிருக்கும். எடுக்கிறவங்க முதல்ல கொஞ்ச தூரம் மிதிக்காம போகணும். மன்னிச்சுடுங்க அத்தை.

மகள்: திட்டறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டும்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எனக்குப் பெருமையா இருக்கு. தப்புப் பண்ணாரு, அவரே சரி பண்ணாரு, அவரே வந்து சொல்லிட்டாரு. உன் மூஞ்சியைப் பார்த்து உண்மை சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

மாமியார்: யாருடி திட்டினா? மாப்பிள்ளை, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திரிங்க.

மருமகன்: எதுக்கு அத்தை?

மாமியார்: பழைய வண்டிங்களோட மலைப் போட்டி நாளைக்குத்தானே?

மகள்: அதுலேர்ந்துதான் விலகிட்டியேம்மா? கை உடைஞ்ச அன்னிக்கே சொன்னியே?

மாமியார்: விலகினது நான். அவ விலகல. ஓட்டுறவர்னு மாப்பிள்ளை பேரைப் போட்டி நடத்துறவங்ககிட்ட போன வாரமே சொல்லிட்டேன்.

மருமகன்: என் பேரா? அத்தை, நான் கியர் வண்டியை...

மாமியார்: ஓட்டுவீங்க. எனக்குத் தெரியாம பஸ் டிப்போ பக்கம் போய்க் கத்துக்கிட்டீங்களே? உங்களுக்குக் கத்துக் குடுத்தாரே, அவருக்குக் கத்துக் குடுத்ததே நான்தான்.

மகள்: கியர் கத்துக்கிட்டீங்களா? என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல!

மருமகன்: சொன்னா நீ அப்போவே ஊரைக் கூட்டியிருப்பே... அத்தை, நான் கடைசியாத்தான் வருவேன்.

மாமியார்: வாங்க. யாரையும் முந்த வேண்டாம். அவளைப் பத்திரமா மேல கொண்டுபோய் நிறுத்துங்க, போதும். என் வண்டியை எடுக்கிறவங்கதான் அதுக்கு ஆயில் ஊத்தணும்னு எனக்கு ஒரு பிடிவாதம். அதுக்குத்தான் உங்களை மாத்தச் சொன்னேன். கையைச் சொன்னது சும்மா சாக்கு.

மகள்: நல்ல ஆளும்மா நீ! இத்தனையையும் மனசுல வெச்சுக்கிட்டா இந்தக் குடை குடைஞ்சே? சரி, காலையில நடந்தது அப்போவே உனக்குத் தெரிஞ்சிருந்தா பேரை எடுத்திருப்பேதானே?

மாமியார்: தெரியாம என்ன? ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருந்தேன். டக் டக்குன்னு கேட்டதும் பேரை எடுத்துடுங்கன்னு சொல்லப் போனைக் கையில எடுத்தேன். இந்த இடது கையால நம்பரைத் தேடறதுக்குள்ள இன்ஜினை நிறுத்திட்டாரு. போனை வெச்சுட்டேன்.