இலைக்கோழிக்கு இரண்டு சாட்சி

இந்தத் தம்பதியர் கூட்டத்துக்கு எல்லோரும் ஜோடியாக வந்திருக்கிறீர்கள். புத்திமதி அப்புறம். முதலில் ஒரு குட்டிக் கதை சொல்லிவிடுகிறேன்... என் கதைதான், அதனால் நீட்ட மாட்டேன்.

நம் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஏரி... இருபது வருஷம் குப்பை மேடாகக் கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? மூக்கைப் பொத்திக்கொண்டு போவோம். அதைத் தூர் வாரி, கரை கட்டி, அல்லி விட்டார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, நாலைந்து பேர் அங்கே பறவை கணக்கெடுக்கிறோம். தொடங்கியவர் என் கணவர் ஞானாதிக்கம். முன்பு அங்கே இருந்த பறவைகளுக்கெல்லாம் பட்டியல் போட்டார். திரும்பி வந்த பறவைக்கு ஒரு டிக். விதி ஒன்றே ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்த்தால்தான் டிக்.

அந்த விதியைப் போட்டது யார்? நான்தான்! வீட்டில் உட்கார்ந்தபடியே போட்டேன்.

முக்குளிப்பான் வந்தது. தாழைக்கோழி வந்தது. நீளவால் இலைக்கோழி மட்டும் வரவில்லை. அல்லி இலைமேல் நடக்குமே, அரிவாள் மாதிரி வாலோடு... அதுதான். ஒரு ஞாயிறு, மற்றவர்கள் கலைந்துபோன பிறகு, மனிதர் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தார்.

“ஸ்டெல்லா, வா! இலைக்கோழி! நீயும் பாத்துட்டா டிக் போட்டுடலாம்.”

நான் என்ன சொன்னேன்?

“பூசைக்கு நேரமாச்சு. சேலைக்கு இஸ்திரி போட்டுட்டு இருக்கேன். நாளைக்கும் அது அங்கதானே இருக்கும்?”

இருந்ததா?... இல்லை. அடுத்த ஆவணியில் அவரும் இல்லை.

அதன் பிறகுதான் அவருடைய பைனாகுலரை எடுத்துக்கொண்டு நான் போக ஆரம்பித்தேன். மூன்று வருஷம். போன மாதம், கோரைக்குப் பக்கத்தில், ஒரு இலைமேல்... நடந்தது. நாலே நாலு அடி. மற்றவர்கள் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிடுவதற்குள் கோரைக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை.

எங்களோடு சடகோபன் வருவார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர், இளகின மனசு.

“நானும் பாத்தேன் மேடம், எழுதுங்க.”

“எந்தப் பக்கம் போச்சு?”

“வலப் பக்கம்.”

“வால் எப்படி இருந்தது?”

“வால்... பின்னாடி இருந்தது மேடம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பறவை போனது இடப் பக்கம்.

பட்டியலை வைத்திருப்பவள் மெஹருன்னிசா, கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். மெதுவாகக் கேட்டாள்:

“ஆன்ட்டி, அங்கிள் ஒரு தடவை பாத்தார். நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்க. ரெண்டு பேர் ஆச்சே... போட்டுடலாமா?”

எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அந்தக் கட்டத்தில் அவர் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில்... பேனாவை வாங்கிவிட்டேன். கட்டத்தில் முனையை வைத்தும் விட்டேன். ஒரு புள்ளி விழுந்தது... அதோடு கையை எடுத்துவிட்டேன்.

“வேண்டாம்மா. ஒரே நேரத்துல பாக்கலையே.”

அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். சேர்ந்து பார்க்கவில்லை... அவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என்றைக்காவது “இங்க வா, இதப் பாரு” என்று கூப்பிடுவார். இலைக்கோழியாக இருக்காது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகமாக இருக்கும், தொட்டியில் விட்ட ஒரு துளிராக இருக்கும். உங்களுக்கு அற்பமாகத் தெரியும். போங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள். சேலை கசங்கினால் கசங்கட்டும்... ஒரு நாளும் கசங்கின சேலையோடு கோயிலுக்கு வராத நான் சொல்கிறேன்.