பூதத்தின் பேரை எப்படிப் படிப்பது?

இலுப்பூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஆறாங்கிளாஸ் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி கையில் கதைப்புத்தகம். அன்றைக்கு வகுப்பில் அதை அவள்தான் சத்தமாகப் படிக்க வேண்டுமாம்.

“வானத்தவிடப் பெரிய பூதம்டி. பேரச் சொன்னா வந்து நட்சத்திரத்தையெல்லாம் முழுங்கிருமாம். பக்கத்துக்குப் பக்கம் அது பேருதான் இருக்கு. நா எப்பிடிடி படிக்க?”

“பேரு வர்ற எடத்துல ‘அவுக’ன்னு படி. எங்கப்பத்தா அப்பிடித்தான். தாத்தா பேர வாயால சொன்னதே இல்ல.”

“அப்ப தாத்தா வர மாட்டாரா?”

“சோத்து நேரத்துக்கு டாண்ணு வந்துருவாரு.”

முதல் பிள்ளை பயந்துகொண்டே படித்துப் பார்த்தாள்.

“கடலுக்கடியிலருந்து அவுக எந்திரிச்சாக. நெலாவ எடுத்து வாயில போட்டுக்கிட்டாக.”

இரண்டும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“பயமே வரலடி. இன்னொரு நெலா வைக்கட்டுங்களான்னு கேக்கணும் போல இருக்கு!”